வத்சலாவுக்குக் கீறிய தலைமயிர்

குசினி மேசையில் படத்துக்குக் கடதாசியை ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிர்க் கதிரையில் இருந்த வத்சலா இரண்டு கைகளையும் தூக்கி, தலைமயிர் முழுவதையும் ஒரே இழுவையில் கழற்றி, என் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அரிக்குதுக்கா. கொஞ்ச நேரம் அங்க இருக்கட்டும்.”

எனக்கு வாய்க்காரி என்று ஊரிலும் பெயர், மொன்றியலிலும் பெயர். அன்று ஒரு ‘ஐயோ’ கூட வெளியில் வரவில்லை. அது பொய் மயிர் என்று முன்பே சொல்லித்தான் வந்திருந்தாள். ஆனாலும் அதை என் சீனிப் போத்தலடியில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

தலை முகத்தைவிட வெளுப்பாக இருந்தது. வெயில் படாத தோல். நெற்றிக்கு மேலே அந்த வெளுப்புத் தொடங்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. புருவமும் இல்லை. பென்சிலால் போட்டிருந்தாள், வலது புருவம் இடதைவிடச் சற்று மேலே ஏறியிருந்தது.

கீழே தெருவில் அவளுடைய புருஷன் ரகு, காரை அணைக்காமல் உள்ளே இருந்தார். ஒரு நாளும் மேலே வரமாட்டார். “அவரால இதைப் பார்க்க முடியாதுக்கா. வீட்டுல தூங்கறப்பக்கூட இதை மாட்டிட்டுத்தான் தூங்கறேன்,” என்றாள்.

வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வெளிப்படிக்கட்டு, இரும்பு. நவம்பர் கடைசி, படியில் ஐஸ் பிடித்திருந்தது. இந்த உடம்போடு தனியாக அதைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்திருக்கிறாள். அந்த மனுஷன் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கீறுவதும் மயிரும்

இந்தத் தொடரில் எந்நேரமும் சாவைப் பற்றியே எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். நான் என்ன செய்ய? உயிரோடு இருக்கிறவர்கள் கைத்தொலைபேசியில் தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் கார்டெரிப் பிள்ளைக் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, பின்னேரத்தில் நீர்வண்ணத்தில் முகம் வரைகிறவளிடம் வருவது பெரும்பாலும் செத்தவருடைய முப்பத்தொராம் நாளுக்குப் படம் தேவைப்படுகிறவர்கள்தான்.

வத்சலா உயிரோடு வந்தாள். அதுவும் தொலைபேசியில் முதல் நாளே ஓடியிருக்க வேண்டியவள்.

எங்கள் பக்கத்தில் படம் ‘கீறுவது’ என்றுதான் சொல்வோம். தலையில் வளர்வது தலைமயிர், அதில் ஒரு தூஷணமும் இல்லை. அந்த நினைப்பில் நான் பாட்டுக்குச் சொன்னேன்: “உங்கட முகத்தை நேரில இருத்திக் கீறினால்தான் எனக்குச் சரிவரும். தலைமயிரைப் பிறகு பார்ப்பம்.”

“மேடம்... நீங்க என்ன சொல்றீங்க?”

அவள் திருச்சிக்காரி. அங்கே முகத்தைக் கீறுவது பூனையும் கத்தியும். மற்றச் சொல் தெருச்சண்டையில் வருவது. நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. அப்போதே எனக்கு மனம் ஒரு மாதிரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு படியேறி வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, “இன்னைக்கு எங்க கீறப் போறீங்க?” என்று கேட்பாள்.

அம்மாவுக்குத் தெரியாது

அவள் இருந்தது மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். அங்கே விவசாயக் கல்விக்கூடத்தில் மண் சோதிப்பது வேலை. அப்பா இல்லை. பிள்ளைகள் இல்லை. திருச்சியில் அம்மாவும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும். அம்மாவுக்குப் போன வருடம் இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மகளுக்குப் புற்றுநோய் என்று அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த அம்மா, எண்பது வயது வருகிறது, உன் படம் ஒன்று பெரிதாக அனுப்பு, சுவரில் மாட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

“போட்டோல விக் தெரிஞ்சுடும்க்கா. வரைஞ்ச படம்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

“அம்மாவுக்குச் சொல்ல வேண்டாமோ பிள்ளை?”

“சொன்னா அவங்க போயிடுவாங்க. நான் இருப்பேன், அவங்க போயிடுவாங்க.”

எங்கள் சனம் மட்டும் என்ன திறமோ? ‘அவவுக்குச் சுகமில்லையாம்’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது இந்தப் புற்றுநோய் வருத்தம்தான். பெயரைச் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் மகளுக்குச் சம்பந்தம் குழம்பும், மருமகள் வீட்டார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். செத்த வீட்டில் கூட ‘நித்திரையில போனவ’ என்றுதான் கதை. ஆகவே நான் அவளுக்குப் புத்தி சொல்லப் போகவில்லை.

அப்பாவின் கழுத்துப்பட்டி

என் அப்பா செத்தபோது வீட்டில் அவருடைய படம் என்று அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தோம். வந்த படத்தில் அப்பா கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார். ஸ்டூடியோக்காரன் தூரிகையால் போட்டுவிட்டிருக்கிறான், செத்தவர் எல்லாருக்கும் அதே கோட்டு. தோட்டத்தில் சாரத்தை மடித்துக் கட்டி நின்ற மனுஷன்! முகத்தையும் பால்கோப்பி நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தான்.

அம்மா அந்தப் படத்தின் முன் விளக்கு வைத்துவிட்டு, “ஆரோ பெரியாள் வீட்டை வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றார். கடைசி வரைக்கும் அதற்கு முன் நின்று அழவில்லை. அறைக்குள் போய் அப்பாவின் சாரத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

இங்கேயும் அதே கதைதான். “அன்ரி, கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ” என்று கேட்காத குடும்பம் குறைவு. லவாலில் இருந்து வந்த ஒரு மகன், தகப்பனுடைய முகத்தை மூன்று தரம் திருப்பிக் கொண்டுவந்தான், இன்னும் வெளுப்பாம். நாலாம் தரம், “தம்பி, இனி வெறும் கடதாசியைத்தான் மாட்ட வேணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மண்

நீர்வண்ணத்தில் எங்கள் தோலைக் கொண்டுவருவதற்கு அவசரப்படக் கூடாது. முதலில் தேத்தண்ணிச் சாயம் போல் ஒரு மெல்லிய மஞ்சள். காய விடவேண்டும். பிறகு கன்னம், மூக்கு நுனி, காது ஆகிய இடங்களில் செம்மண் நிறம். மறுபடி காய விடவேண்டும். அதன் பிறகு நிழல் விழும் இடங்களில் துளி நீலம் கலந்த மண்ணிறம். காய முதல் தொட்டால் எல்லாம் சேறாகிவிடும். கறுத்த தோலில் யன்னல் வெளிச்சம் விழும் இடம் வெள்ளையாக இருக்காது, கொஞ்சம் நீலமாக மினுங்கும். அந்த இடத்தைத் தொடாமலே விட்டுவிட வேண்டும்.

வத்சலா என் நிறக்குழாய்களை எடுத்து எடுத்துப் பார்த்தாள். “இது இரும்பு இருக்கிற மண்ணு. சுட்டா இப்படிச் செவக்கும். உங்க பெட்டில பாதி எங்க லேப்ல இருக்குக்கா.”

அவளுடைய தோல் கறுத்திருந்தது, ஆனால் ஒரே கறுப்பு அல்ல. கண்ணுக்குக் கீழே ஊதா. உதட்டோரத்தில் சாம்பல். விரல் மூட்டுகளும் நகங்களும் கரி பிடித்தது போல. மருந்துக் குளிசையால் கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. கண்மடலில் ஒரு மயிர் இல்லை. அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து நிறம் கலப்பது என்னைப் போட்டு வதைத்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கி விடட்டோ?”

“வேண்டாங்கா. முடி பொய்யா இருக்கட்டும். முகம் வேண்டாம். அம்மா படத்தைப் பார்க்கிறப்ப நான் அவங்களைப் பார்க்கணும்ல?”

“பொய் சொல்லுறதெண்டால் வடிவாச் சொல்ல வேணும் பிள்ளை. அரைகுறையாச் சொன்னால் பிடிபட்டுப் போவியள்.”

“பிடிபடாது. அம்மாவுக்குக் கண்ணு மங்கல்,” என்றாள். பென்சில் புருவத்தை மாத்திரம் இரண்டும் ஒரே உயரத்தில் போடச் சொன்னாள்.

வெள்ளைக் கடதாசி

மயிரைக் கீறத் தெரியாதவர்கள் ஒவ்வொரு மயிராகக் கீறுவார்கள். முடிவில் கூட்டுகிற தும்புத்தடிதான் வரும். மயிரை முதலில் ஒரே பொருளாகப் பார்க்க வேண்டும். குழாயில் வரும் கறுப்பை நான் தொடுவதில்லை, நீலத்தையும் கரும்பழுப்பையும் ஈரமாக ஓடவிட்டால் அதுவே உயிருள்ள கறுப்பு. மினுக்கம் என்பது கடதாசிதான். எங்கே கடதாசியை வெறுமையாக விடப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், பிறகு கொண்டுவர முடியாது. நெற்றியோரம் ஈரம் உலர முதல் சுத்தத் தண்ணீர்த் தூரிகையால் ஒரு தடவல். அப்போதுதான் மயிர் தோலுக்குள் இருந்து வருவது போல இருக்கும். இல்லையென்றால் தொப்பி கவிழ்த்த மாதிரித் தெரியும். கடைசியாக, மெல்லிய தூரிகையால் ஓரத்தில் நாலைந்து இழை. போதும்.

அவள் கொண்டுவந்தது கலியாணப் படம். நடு வகிடு, படிய வாரிய தலை, தோளுக்கு முன்னால் விழுந்த பின்னல். அதைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். அதற்குப் பக்கத்தில் மொட்டைத் தலையோடு அவள். அதைப் பார்த்து மயிர், இவளைப் பார்த்து முகம். இரண்டு பின்னேரம் எடுத்தது.

முடிந்ததும் எழும்பி வந்து பார்த்தாள். ஒரு கை தன்பாட்டில் போய் வெறுந்தலையைத் தடவியது.

“இவ்வளவா இருந்துச்சு?” என்றாள்.

நான் தண்ணீர் மாற்றப் போவது போல் குழாயடிக்குப் போய் நின்றேன்.

“கண்டுபிடிக்கல!”

ரகுவின் உறவுக்காரர் ஒருவர் படத்தைச் சுருட்டிக் கொண்டுபோய்த் திருச்சியில் கொடுத்தார். படத்தின் பின்பக்கத்தில் என் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுவது என் வழக்கம். அதிலும் எழுதியிருந்தேன்.

சில நாட்களில் வத்சலா தொலைபேசியில் கூப்பிட்டாள். “அக்கா! அம்மா பார்த்துட்டாங்க. நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. கண்டுபிடிக்கல!” பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளை மாதிரிக் குதூகலம். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல நாள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் போனேன். மெல்லிய குரலில், “இன்னைக்கு யாரைக் கீறினீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன் நித்திரையாகிவிட்டாள். தெருவோரப் பனிக்குவியல்கள் ஊத்தையாகிக் கரைந்துகொண்டிருந்த நாட்களில் செத்துப்போனாள். நாற்பத்தாறு வயது. என்ன நியாயம் இது? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சவப்பெட்டிக்குள்ளும் அவளுக்கு அந்தப் பொய் மயிரை மாட்டியிருந்தார்கள். ரகு குனிந்து, விலகிக் கிடந்த வகிட்டை ஒரு விரலால் சரிசெய்தார். அப்போதுதான் அவர்மேல் இருந்த என் கோபம் போயிற்று.

தொப்பி போட்ட படம்

ஒரு மாதத்துக்குப் பிறகு ரகு முதல்முறையாக என் படியேறி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

“அத்தைக்கு இன்னும் சொல்லல,” என்றார்.

“என்ன கதை கதைக்கிறியள்? பெத்த தாய்க்கோ?”

“மச்சான் வேண்டாங்கறார். ஹார்ட் பேஷன்ட். வத்சலா மண்ணு எடுக்க வடக்கே போயிருக்கா, அங்க சிக்னல் இல்லன்னு சொல்லி வச்சிருக்கோம்.” தலையைக் குனிந்துகொண்டார். “இன்னொரு படம் வரைஞ்சு தருவீங்களா? குளிர்த் தொப்பி போட்டு, பின்னாடி பனி... அங்கேருந்து அனுப்பின மாதிரி. தொப்பின்னா முடிப் பிரச்சனையும் இல்ல.”

நான் எழும்பிவிட்டேன். “உங்களுக்கு விசரே? செத்தவளுக்குத் தொப்பி போட்டுப் பனிக்குள்ள நிப்பாட்டச் சொல்லுறியள்! இண்டைக்குத் தொப்பி. நாளைக்கு என்ன, நரை போடச் சொல்லுவியளோ?”

ரகு சத்தமில்லாமல் அழுதார். அழுகிற ஆம்பிளையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கத்துவது? கடைசியில், “நான் கீற மாட்டன். ஆனால் நானாப் போய் ஆருக்கும் சொல்லவும் மாட்டன்,” என்றேன். அந்த அளவில் போய்விட்டார்.

திருச்சியிலிருந்து

அடுத்த கிழமை, காலையில் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

“வத்சலாவைப் படம் வரைஞ்சவங்கதானே? நான் அவங்க அம்மா பேசறேன்.”

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“படம் ரொம்ப நல்லாருக்கும்மா. முகம் அப்படியே என் பொண்ணு. முடிதான் அவளது இல்ல.”

“எப்பிடிச் சொல்லுறியள் அம்மா?”

“அவளுக்கு முன் நெத்தியில ஒரு சுழி. நேர் வகிடு எடுத்தா நிக்காது, எந்திரிச்சுக்கும். கல்யாணத்தன்னிக்கு பார்லர்ப் பொண்ணு பசை தடவிப் படிய வச்சா. அந்த முடியைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்கீங்க. அவளுக்கே இது நினைப்பிருக்காது, தலை வாரி விட்டவ நான்தானே. முகத்துல வீக்கம், கண்ணுல ஒரு முடி இல்ல. பார்த்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.”

“ஒண்டும் சொல்லேல்லையே நீங்கள்...”

“என்ன சொல்றது? எனக்காக மறைக்கிறா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நல்லாருக்குன்னு சொன்னேன்.”

அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

“வடக்கே போயிருக்கான்னு மாப்பிள்ளை சொல்றார். அந்த உடம்போட யார் அனுப்புவாங்க? ஆஸ்பத்திரியிலதான் இருக்கா, எனக்குத் தெரியும். நீங்க போய்ப் பார்த்தீங்களா? முடி வளர ஆரம்பிச்சிருச்சா? கறிவேப்பிலைப் பொடி இடிச்சு வச்சிருக்கேன். யாராவது அந்தப் பக்கம் வந்தா குடுத்து விடலாம்னு.”

நான் ரகுவுக்குச் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன். கேட்கிறவரிடம் ‘ஓம், வளருது’ என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

“கிட்ட ஆரும் இருக்கினமோ அம்மா?”

“பையன் கடைக்குப் போயிருக்கான். சொல்லுங்க.”

“கதிரையில இருங்கோ.” அவர் உட்கார்ந்த சத்தம் கேட்டது. “அம்மா... வத்சலா மோசம் போயிட்டா.”

“மோசம் போயிட்டாளா?” குரலில் பதற்றம். “யாரு ஏமாத்தினா? மாப்பிள்ளையா?”

எங்கள் ஊரில் ஒரு சாவை நோகாமல் சொல்வதற்கு இருக்கும் சொல் அது. அவருடைய ஊரில் அதற்கு வேறு பொருள். இப்போது நான் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், ஒளித்துச் சொல்ல ஒரு சொல்லும் மிச்சமில்லை.

“செத்துப் போயிட்டா அம்மா. போன மாசம்.”

திருச்சித் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது கேட்டது. நான் “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

“போன மாசமா?” என்றார் கடைசியில். “அப்ப நான் இத்தனை நாளா தலை முழுகாம இருக்கேனே. பெத்தவ, தலைக்கு ஊத்தாம சாப்பிட்டிருக்கேனே.”

“அம்மா, மகன் வரட்டும்...”

“இல்ல. இப்பவே ஊத்திக்கணும்.” எழும்புகிற சத்தம், செருப்பு இழுபடுகிற சத்தம். “போனை வச்சிடாதீங்கம்மா. தனியாப் போகப் பயமாயிருக்கு. லைன்லயே இருங்க.”

தொலைபேசியை எங்கேயோ ஒரு திட்டின்மேல் வைத்தார். குழாய் திறந்தது. வாளி நிறைய வெகு நேரம் எடுத்தது. பிறகு செம்பு வாளியில் முட்டுகிற சத்தமும், தண்ணீர் தலையில் விழுந்து தரையில் சிதறுகிற சத்தமும். தண்ணீர் விழ விழ அந்த அம்மா மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். நான் ஒரு காலில் சப்பாத்தோடு கதவடியில் நின்று, “ஓம் அம்மா, இருக்கிறன்... ஓம் அம்மா, இருக்கிறன்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.